வின்ட்சருக்குப் போன சிம்மாசனம், வேலூருக்குப் போன ராஜா

எங்கள் பெரியம்மா மகன் இங்கிலாந்தில் வேலை செய்கிறார். பெர்க்ஷயர் கவுண்டியில் வீடு. போன லீவுக்கு அந்தப் பக்கத்துப் பழைய டவுன்களையும் கோட்டைகளையும் குடும்பத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நாற்பது படம் போட்டார். பெரிய வட்டக் கோபுரம், கல் மதில், சிவப்புக் கோட் போட்ட காவல்காரன், அவனுக்குப் பக்கத்தில் அண்ணாவின் சின்ன மகள். கடைசிப் படத்துக்குக் கீழே எனக்கென்று ஒரு கேள்வி: "தம்பி, நீ ஹிஸ்டரிதானே படிக்கிற? நம்ம கண்டியில இப்படி ஒரு கோட்டை இருக்கா?"

"இல்ல அண்ணா" என்று போட்டுவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவர் வாசலில் நின்று படம் எடுத்த அந்த வின்ட்சர் கோட்டைக்குள்தான் கண்டி ராஜாவின் சிம்மாசனம் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. 1693-ல் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசாகக் கொடுத்த ஆசனம். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த பிறகு கப்பல் ஏறியது. 1934-ல் குளொஸ்டர் கோமகன் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. ஆக, கண்டியில் அப்படி ஒரு கோட்டை இல்லாவிட்டாலும், அவர் பார்த்த கோட்டைக்குள் கண்டி கொஞ்ச காலம் இருந்திருக்கிறது.

இதை அவருக்கு ஒழுங்காக எழுதி அனுப்ப வேண்டும் என்று நினைத்துத்தான் நானும் பெட்ச் நண்பர்கள் இரண்டு பேரும் மூன்று சனிக்கிழமை சுற்றினோம். ஒருவன் மாத்தளைத் தமிழ்ப் பொடியன். மற்றவன் தெல்தெனியச் சிங்களப் பொடியன். நான் கலஹாப் பக்கத்துத் தோட்டம். இந்த மூன்று ஊர்க் கணக்கும் பிறகு தேவைப்படும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

கண்டியின் கோட்டையைப் பார்க்க கண்டிக்குப் போகவே தேவையில்லை, எங்கள் கம்பஸிலிருந்தே தெரியும். ஒரு பக்கம் ஹந்தான. மகாவலிக்கு அந்தப் பக்கம், பூங்காவைத் தாண்டினால் கன்னொறுவ மலை. 1638 மார்ச் 28-ல் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோவின் படையை அங்கேதான் முடித்தான். அந்தப் படை அதற்கு முதல் கண்டி நகருக்குள் போயிருந்தது. நகரம் காலி. ராஜா இல்லை, சனம் இல்லை, நெல் இல்லை. ஆத்திரத்தில் நகரத்தைக் கொளுத்திவிட்டுத் திரும்பும் வழியில், ஆற்றங்கரையில் சுற்றி வளைக்கப்பட்டார்கள்.

இது ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம் இல்லை, ஒரு முறைமை. எதிரி வந்தால் ராஜா ஹங்குராங்கெத்தைக்கோ மெதமகாநுவரைக்கோ போய்விடுவார். எதிரி வெறும் ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டு காய்ச்சலும் பசியும் பட்டுச் சாவான். 1765-ல் ஒல்லாந்தர் கண்டியைப் பிடித்தார்கள், வைத்திருக்க முடியவில்லை. 1803-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். சில மாதத்தில் மேஜர் டேவி சரணடைய, அவருடைய ஆட்கள் வட்டாபுளுவையில் மகாவலியைத் தாண்ட முடியாமல் நின்ற இடத்தில் கொல்லப்பட்டார்கள். 1660-ல் பிடிபட்டு 19 வருஷம் இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், இந்த நாட்டுக்கு மலையும் காடுமே அரண் என்று எழுதியிருக்கிறார். ஒற்றையடிப் பாதைகளில் முள்ளால் பின்னிய கதவுகளும் அவற்றுக்குக் காவலும் இருந்ததாம். கடவத்தை என்கிற சொல் இன்றைக்கும் ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணாவின் கேள்விக்கு இது பாதிப் பதில். ஐரோப்பாவில் ராஜா மதிலுக்குள் இருந்துகொண்டு எதிரியை வெளியே நிறுத்துவான். இங்கே எதிரியை உள்ளே விட்டுவிட்டு ராஜா வெளியே போய்விடுவார். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ராஜா எங்கே ஒளிந்திருக்கிறார் என்று ஊர்ச்சனம் சொல்லக்கூடாது. 1815-ல் சொல்லிவிட்டார்கள்.

மாளிகை வளாகத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை. தலதா மாளிகைக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றி இருப்பது ஒரு அரண்மனை என்பதைக் கவனிப்பதில்லை. ராஜா இருந்த வாசஸ்தலம் இப்போது தொல்பொருள் நூதனசாலை. ராணிகள் இருந்த பல்லே வாசல் தேசிய நூதனசாலை. ஏரிக்கரையில் ராணிகள் குளிக்கக் கட்டிய உல்பென்கே மேல் வெள்ளைக்காரர் இன்னொரு மாடி எழுப்பி வாசிகசாலை வைத்தார்கள். மாளிகையின் முகமாக எல்லாப் படத்திலும் வருகிற எட்டுப்பட்டை பத்திரிப்புவையும், அலை அலையாகப் போகிற மதிலும், 1807-ல் வேலை தொடங்கிய ஏரியும் ஒரே ராஜாவின் வேலை. கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். சிற்பி தேவேந்திர மூலாச்சாரி.

பத்திரிப்புவைக்கு முன்னால் நின்றபோது ஒரு கைட் வெள்ளைக்காரக் குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி ராஜா சிங்களவர் இல்லை, மலபார்க்காரர், கொடுமைக்காரர், ஒரு மந்திரியின் சின்னப் பிள்ளைகளின் தலையை வெட்டினார், அதனால் சனங்களே பிரிட்டிஷாரைக் கூப்பிட்டார்கள். முழுக் கதையும் ஒன்றரை நிமிஷம். மாத்தளைப் பொடியன் என் காதில், "இவரு சொல்றதுக்கு நம்ம பேஸ்புக் கதையே பரவால்ல மச்சான்" என்றான்.

பேஸ்புக் கதை உங்களுக்கும் தெரியும். "இலங்கையின் கடைசி மன்னன் தமிழன்", பக்கத்தில் ராஜா படம், கீழே 1815 ஒப்பந்தத்தில் பிரதானிகள் வைத்த கையெழுத்துகளின் படம். சில கையெழுத்துகளில் தமிழ் எழுத்துகள் இருப்பது உண்மை. நானும் ஓ.எல். படிக்கும்போது அதை ஷெயார் பண்ணியவன்தான். பதினாறு வயதில் கண்டி டவுனில் நடக்கும்போது இந்த ஊரில் நமக்கும் ஒரு ராஜா இருந்தான் என்கிற நினைப்பு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு கதையும் ஒரே அச்சில் வார்த்தவை. ராஜாவை முதலில் இனத்தால் அடையாளம் காட்டிவிட்டு மற்றதைப் பிறகு சொல்கிற கதைகள். அந்தக் காலத்துக் கண்டி அப்படி யோசித்ததா என்பதுதான் கேள்வி.

கண்டி அரசர்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். உள்ளூர்ப் பிரதானி வீட்டில் எடுத்தால் அந்தக் குடும்பம் தலைக்கு மேல் ஏறிவிடும், தவிர பட்டத்து ராணி சத்திரிய குலம் என்று காட்டவும் வேண்டும். 1739-ல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்து வாரிசு இல்லாமல் இறந்தபோது ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார். பிறகு கீர்த்தி ஸ்ரீ, இராஜாதி இராஜசிங்கன், கடைசியில் ஸ்ரீ விக்கிரம. நாலு பேர், 76 வருஷம்.

இவர்கள் தமிழரா? வம்சம் தெலுங்கு வழி, புழக்கத்தில் தமிழும் உண்டு, வளர்ந்தது கண்டி அரண்மனையில், ஆண்டது பௌத்த அரசர்களாக. கீர்த்தி ஸ்ரீ காலத்தில்தான் 1753-ல் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவைத் திரும்பத் தொடங்கி வைத்தார். அதுவரை நாலு தேவாலயங்களின் விழாவாக இருந்த பெரஹராவில் தந்ததாதுவை முன்னுக்குக் கொண்டுவந்ததும் அவர் காலம். இராஜாதி இராஜசிங்கன் சிங்களத்தில் காவியம் பாடியவர். அதே நேரம் 1760-ல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்லச் சதி செய்தவர்கள் அவர் இன்னும் திருநீறு பூசுகிறார் என்று குறை சொன்னார்கள். ஆகவே "அன்னியன்" என்கிற பேச்சு வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. அது அரண்மனைச் சண்டையில் தேவைப்படும்போது எடுக்கிற ஆயுதம். தேவை முடிந்ததும் உறையில் போடுவார்கள். சதி தோற்ற பிறகும் கீர்த்தி ஸ்ரீ இருபது வருஷத்துக்கு மேல் ஆண்டார். கொஞ்ச நாள் சிறையில் போடப்பட்ட சரணங்கர தேரரோடு பிறகு சமாதானமும் ஆகிவிட்டது.

ராஜாவின் உறவுக்காரர்கள் இருந்த தெரு குமாருப்பே வீதிய. வெள்ளைக்காரர் அதற்கு வைத்த பெயர் மலபார் ஸ்ட்ரீட். ஐரோப்பியர் அந்தக் காலத்தில் தமிழ் பேசுகிற யாரையும் மலபார் என்றுதான் எழுதினார்கள், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது சனிக்கிழமை அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தோம். இளவரசர்கள் இருந்ததற்கு எங்கள் கண்ணில் பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய ஆளிடம் கேட்டோம். "குமாருப்பேயா? தெரியாது மகன். மலபார் ஸ்ட்ரீட்னா இதுதான்" என்றார். குமாரர்கள் போய்விட்டார்கள், மலபார் நின்றுவிட்டது.

அன்றைக்கே மத்தியானம் பிலிமத்தலாவைப் பக்கம் கடலாதெனியவுக்குப் போனோம். கோட்டைக் கணக்கில் இது வராது, ஆனாலும் பார்க்க வேண்டிய இடம். 1344-ல் கட்டிய பௌத்த விகாரை. கருங்கல் தூண், கருங்கல் அதிட்டானம், பார்த்த உடனே தெற்கத்திக் கோயில் என்று தெரிகிறது. கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கல்வெட்டிலேயே இருக்கிறது: கணேஸ்வராச்சாரி. கூப்பிடு தூரத்தில் லங்காதிலக்க, அதே காலம், அதன் சிற்பி ஸ்தபதி ராயர். நாயக்கர் வருவதற்கு நாலு நூற்றாண்டு முன்னாலேயே இந்த மலைக்குத் தென்னிந்தியக் கை வந்துவிட்டது. அது வந்ததை யாரும் படையெடுப்பு என்று எழுதி வைக்கவில்லை. விகாரைக்குக் கல் கொத்த வந்தார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை தெல்தெனியப் பொடியனின் நாள். கண்டியிலிருந்து மகியங்கனை ரோட்டில் பஸ். திகன, பிறகு தெல்தெனிய. 2018 மார்ச்சில் இந்த ரோட்டோரமாகத்தான் முஸ்லிம் கடைகள் எரிந்தன. பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பழைய தெல்தெனிய டவுன் விக்டோரியா அணைக்குள் போய்விட்டது. தண்ணீர் வற்றினால் பழைய ஊரின் மிச்சம் தெரியும் என்று அவன் சன்னல் வழியாகக் காட்டினான். அன்றைக்குத் தண்ணீர் நிறைய இருந்தது.

மெதமகாநுவரையில் இறங்கி பொமுரேக்கு நடந்தோம். ராஜா பிடிபட்ட இடம். ஒரு நினைவுக்கல் இருக்கிறது, சுற்றிலும் மரமும் தோட்டமும். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று சனிக்கிழமையில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான்.

இங்கே அந்தக் கைட் சொன்னதில் உண்மையானதையும் சொல்லிவிட வேண்டும். 1798-ல் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியைத் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்தவர் மகா அதிகாரம் பிலிமத்தலாவை. பொம்மையாக இருப்பான் என்று நினைத்தார். அவன் பொம்மையாக இருக்கவில்லை. கடைசியில் பிலிமத்தலாவைக்கு மரண தண்டனை. அடுத்த அதிகாரம் எஹலேபொல. அவரும் ஆங்கிலேயரோடு இரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தது தெரிய வந்ததும் கொழும்புப் பக்கம் தப்பிப் போனார். கையில் கிடைத்தது அவர் மனைவியும் பிள்ளைகளும். 1814-ல் பிள்ளைகளின் தலை வெட்டப்பட்டது. தாய் போகம்பரை ஏரியில் மூழ்கடிக்கப்பட்டாள். பயந்து பின்வாங்கிய அண்ணனைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து கழுத்தைக் கொடுத்த சின்னவன் மத்தும பண்டாரவுக்குக் கண்டியில் சிலை இருக்கிறது. ராஜாவைப் பற்றி நல்லதாக எழுத ஆசைப்படும் யாரும் இந்த இடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போகக்கூடாது. நம் ஆட்கள் பலர் தாண்டிப் போகிறார்கள். "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிய கதை" என்பார்கள். தண்டனையை விவரித்த விதத்தில் வெள்ளைக்காரன் கைவரிசை நிறைய உண்டு. கணநாத் ஒபேசேகர இந்த ராஜாவைப் பற்றி எழுதிய புத்தகமே அந்தக் கைவரிசையைத் தேடிப் போவதுதான். அதற்காகப் பிள்ளைகள் சாகவில்லை என்று ஆகிவிடாது.

அதோடு, இந்த ராஜா பிரதானிகளை ஒடுக்கினார், ஏரி வெட்ட ஊர்ச்சனத்தை வேலைக்கு இழுத்தார். முன்பு ராஜா எங்கே என்று வாய் திறக்காத கிராமங்கள் 1815 பெப்ரவரியில் வாய் திறந்தன. ஆங்கிலேயர் பெரிய சண்டை எதுவும் போடாமல் நகருக்குள் வந்தார்கள். ராஜா வழக்கம்போல வெளியேறி இந்தத் தும்பறைப் பக்கம் வந்தார். பெப்ரவரி 18-ல், ராணிகளோடு ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவரைப் பிடித்தது வெள்ளைக்காரன் இல்லை, எக்னெலிகொட என்ற பிரதானியின் ஆட்கள். கட்டி இழுத்து, நகைகளைப் பிடுங்கி அவமானப்படுத்தினார்கள். நொக்ஸ் சொன்ன மலையும் காடும் அப்படியே இருந்தன. முள் கதவைத் திறந்துவிட ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெல்தெனியப் பொடியன் சொன்னான், அவன் பாட்டி இந்த ராஜாவைப் பற்றிச் சொல்லும்போது "அப்பே ரஜ்ஜுருவோ" என்றுதான் சொல்வாராம். எங்கள் ராஜா. பிள்ளைகளைக் கொன்ற கதையையும் அதே வாயால் சொல்வாராம். இரண்டுக்கும் நடுவில் அந்தக் கிழவிக்கு ஒரு சிக்கலும் இல்லை.

1816 ஜனவரியில் ராஜாவைக் கப்பலில் ஏற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். மதிலே இல்லாத ஊரின் ராஜாவை, அகழியும் கருங்கல் மதிலும் உள்ள அசல் கோட்டை ஒன்றுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். திப்பு சுல்தானின் குடும்பத்தை வைத்திருந்த அதே கோட்டை, 1806-ல் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்த கோட்டை. 1832 ஜனவரி 30-ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் சமாதி, முத்து மண்டபம் என்று பெயர். சிம்மாசனம் ஒரு கோட்டைக்கு, அதில் இருந்தவர் இன்னொரு கோட்டைக்கு. அவருடைய சிங்கக் கொடி மூன்றாவது இடத்துக்கு, இலண்டன் செல்சீ ஆஸ்பத்திரிக்குப் போனது. ஈ. டபிள்யூ. பெரேரா அதை அங்கே கண்டுபிடித்து எழுதினார். இன்றைக்கு நம் தேசியக் கொடியில் வாள் பிடித்து நிற்கும் சிங்கம் அந்தக் கொடியிலிருந்து வந்தது. கிரிக்கெட் மேட்ச் பார்க்கும்போது யாரும் இதை யோசிக்க மாட்டார்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். இது நடந்து பார்த்ததில் கிடைக்கவில்லை, லைப்ரரியில் கிடைத்தது.

1815 மார்ச் 2-ல் மகுல் மடுவையில் வாசித்த கண்டி ஒப்பந்தத்தில் 12 பிரிவு. ஸ்கூலில் நாங்கள் பாடமாக்கியது ஐந்தாம் பிரிவு, பௌத்த சமயம் பாதுகாக்கப்படும் என்பது. முதல் மூன்றையும் யாரும் சொல்லித் தரவில்லை. முதல் பிரிவு மலபார் ஆட்சியாளரின் கொடுமையைச் சொல்கிறது. இரண்டாவது ராஜாவையும் அவர் குடும்பத்தையும் சிம்மாசனத்திலிருந்து என்றைக்குமாக விலக்குகிறது. அதோடு நிற்காமல், கண்டியை ஆள மலபார் இனத்துக்கு உள்ள உரிமையே அழிந்துவிட்டதாக அறிவிக்கிறது. மூன்றாவது இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. ராஜாவின் ஆண் உறவினர் எல்லாரும் எதிரிகள், அனுமதி இல்லாமல் கண்டிக்குள் கால் வைக்கக்கூடாது, வைத்தால் இராணுவச் சட்டம். ராஜாவுக்கு உறவே இல்லாத, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்களும் அனுமதி இல்லாமல் திரும்பக்கூடாது.

இதை முதல் தடவை வாசித்தபோது மகாவம்சத்துச் சண்டை, கரையோரச் சண்டை என்று படித்த எதுவும் ஞாபகம் வரவில்லை. அப்பாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராஜாவைப் பதவியிலிருந்து தூக்க அவருடைய கொடுமை மட்டும் போதும். குடும்பத்தை விலக்க வம்சப் பெயர் போதும். பிறகு எதற்கு மலபார் என்கிற இனம்? ஆங்கிலேயருக்குப் பயம். நாயக்கர் குடும்பத்தில் யாராவது ஒருவன் தெற்கிலிருந்து வந்து நான்தான் வாரிசு என்றால் சனம் பின்னால் போகும் என்று தெரியும். 1803-ல் அவர்களே முத்துசாமி என்ற நாயக்கரைப் பொம்மை ராஜாவாகக் கொண்டுவந்து பார்த்தவர்கள். பயந்த மாதிரியே நடந்தது. 1817-ல் ஊவா-வெல்லஸ்ஸையில் கலகம் வெடித்தபோது முன்னால் நின்ற வில்பாவ தன்னை யார் என்று சொன்னான்? நாயக்க இளவரசன் துரைசாமி என்று. உண்மையில் அவன் முன்னாள் பிக்கு, சிங்களவன். ஒப்பந்தம் போட்டு மூன்று வருஷம் முடியவில்லை, ஊர்ச்சனத்தைச் சேர்க்க ஒரு சிங்களவன் தன்னை "மலபார்" என்று சொல்ல வேண்டியிருந்தது. கலகத்தை அடக்க அனுப்பிய கெப்பெட்டிபொல கலகக்காரர்களோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் போகம்பரையில் அவர் தலை வெட்டப்பட்டது. மண்டையோட்டை எடின்பரோவுக்கு அனுப்பி, 1954-ல்தான் திருப்பித் தந்தார்கள். ராஜாவாகும் கனவில் இருந்த எஹலேபொல 1829-ல் மொரீசியசில் கைதியாகச் செத்தார். மனைவி பிள்ளைகள் சாவுக்கு அவருக்குக் கிடைத்த விலை அதுதான்.

ஆக, "அன்னியன்" என்பது அரண்மனைக்குள் சண்டைக்கு எடுக்கிற கத்தியாக இருந்தது. 1815-ல் அதைச் சட்டத்தில் எழுதினார்கள். எழுதிய பிறகு அது ராஜாவோடு முடிகிற விஷயமாக இல்லை.

ஏனென்றால் அடுத்த பத்து வருஷத்தில் அதே ஆங்கிலேயருக்குக் கோப்பி போட ஆசை வந்தது. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் திறந்தார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே கன்னொறுவையில் ஒன்று திறந்தார். ஆமாம், போர்த்துக்கேயர் செத்த அதே கன்னொறுவை. வேலைக்கு ஆள் வேண்டும். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, வழியில் காய்ச்சலில் விழுந்தவர்கள் போக மிச்சம் கண்டி மலைக்கு வந்தார்கள். அரசாங்கக் கடிதங்களில் அவர்களுடைய பெயர் என்ன தெரியுமா? மலபார் கூலிகள். அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்று விரட்டிய பெயரிலேயே ஆயிரக்கணக்கில் கூட்டி வந்தார்கள். ராஜாவோடு வந்த மலபாருக்குத் தடை, மண்வெட்டியோடு வந்த மலபாருக்கு லயம்.

பேஸ்புக் கதையில் எனக்கு இப்போது உறுத்துவது இந்த இடம். "நம்ம ராஜா" என்கிறோம். கண்ணுசாமியும் அவர் பரிவாரமும் எங்கள் பூட்டனைப் பார்த்திருந்தால் வாசல்படிக்கு இந்தப் பக்கம் கூட விட்டிருக்க மாட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் போட்டது நாம் இல்லை, அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள். அவர்கள் திட்டுவதற்காகச் செய்த கூட்டலை நாம் பெருமைக்காகத் திரும்பச் செய்கிறோம்.

கோட்டைப் பயணம் என்று தொடங்கி இங்கே வந்து நிற்கிறேன். மாத்தளைப் பொடியன் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, "1815-ல இருந்து நேரா 1948-க்குத் தாவுறியா? நடுவுல நூத்து முப்பது வருஷம் இருக்கு, வேற காரணம் எவ்வளவோ இருக்கு" என்று கேட்டான். சரியான கேள்வி. மூன்றாம் பிரிவுதான் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. 1948-ன் 18-ஆம் இலக்கச் சட்டத்துக்கு வாக்குக் கணக்கு, இடதுசாரிப் பயம், தொழிற்சங்கம் என்று அதன் காலத்துக் காரணங்கள் உண்டு. ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைப் பங்கு போட்டார்கள், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் இந்த மலைக்குள் இருக்க ஒருவனுக்கு எழுதிய அனுமதி வேண்டும், அது இன்னார் மகன் என்பதால் வேண்டும் என்கிற யோசனையை இந்த ஊரில் சட்டமாக நான் முதலில் பார்த்தது அந்த மூன்றாம் பிரிவில்தான்.

அப்பாவின் தகரப் பெட்டியில் இருப்பது தாத்தாவின் பிரஜாவுரிமைப் பேப்பர். மஞ்சளாகி, மடிப்பு கிழிந்து, பொலித்தீன் உறைக்குள். யாரும் இப்போது அதைக் கேட்பதில்லை. 2003-ல் வந்த சட்டத்தோடு அந்தப் பிரச்சினை முடிந்தது என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் லயத்தில் கூரை ஒழுகினால் முதலில் நகர்த்துவது அந்தப் பெட்டியைத்தான். தாத்தாவின் தம்பிக்கு மற்றப் பேப்பர் கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினார்.

அண்ணாவுக்குச் சிம்மாசனக் கதையை மட்டும் வொய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். "அட, அந்தக் கோட்டைக்குள்ளயா இருந்திச்சு? டிக்கட்டுக்கு அவ்வளவு காசு குடுத்தும் யாரும் சொல்லலயே" என்று சிரித்தார். ஆகஸ்ட்டில் பெரஹரா பார்க்கக் குடும்பத்தோடு வருகிறாராம். ஒரு நாள் பொமுரேக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். தெல்தெனியப் பொடியனின் பாட்டியிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். பகலைக்கு அவர் வீட்டில் சாப்பாடு.